அம்பருக்குள் இருக்கும் பூச்சி நம் தோப்புப் பூச்சிதானா?

பல கோடி ஆண்டுகளுக்கு முன் மரப்பிசினில் சிக்கிய பூச்சி இன்றும் அப்படியே இருக்கிறது என்று சொல்லிவிடுவது எளிது. அந்தப் பிசின் காலப்போக்கில் கல் போல இறுகியதுதான் அம்பர். எந்த அம்பர் என்று கேட்டால்தான் பேச்சு நிதானத்துக்கு வரும்.

உருவ ஒற்றுமை மட்டும் போதுமென்றால் என் ஓட்டு வட ஐரோப்பாவின் பால்டிக் கடற்கரையில் கிடைக்கும் பால்டிக் அம்பருக்கு. பொள்ளாச்சிப் பக்கம் மாமரத்தில் ஏறியவர்களுக்குச் செம்முசுறை அறிமுகப்படுத்தத் தேவையில்லை, கடியே சொல்லிவிடும். இலைகளை இழுத்துப் பிடித்து, தன் புழுவின் பட்டு நூலால் தைத்துக் கூடு கட்டும் அந்த ஈக்கோஃபில்லா பேரினம், சுமார் 4 கோடி ஆண்டுப் பழைய பால்டிக் அம்பரில் இருக்கிறது. பேரினம்தான் அதே, இனம் வேறு. இன்று ஐரோப்பாவில் இந்த எறும்பு கிடையாது. அன்றைக்கு அந்தக் கரை இப்போதைவிட வெப்பமாக இருந்தது.

கரீபியத் தீவிலிருந்து வரும் டொமினிக்கன் அம்பர் வயதில் இளையது, 1.5 முதல் 2 கோடி ஆண்டு. அதில் கொசுத்தேனீயின் உறவினர்கள் ஏராளம். நம் பழைய வீட்டுச் சுவர்ப் பொந்துகளில் பிசின் குழாய் வைத்துக் குடியிருக்கும் கொசுத்தேனீயைப் போல அவையும் கூட்டுக்குப் பிசின் சேர்த்தவை. எடுக்கப் போன பிசினிலேயே மாட்டிக்கொண்டன.

மியான்மரின் கச்சின் அம்பர் 9.9 கோடி ஆண்டுப் பழையது. அதிலுள்ள சில எறும்புகளின் தாடை பக்கவாட்டில் அல்லாமல் மேல்நோக்கி மூடும். அந்த வம்சமே அழிந்துவிட்டது. நம் வரப்பில் அதற்குச் சொந்தம் தேடிப் பயனில்லை.

நமக்குச் சொந்தமான சாட்சி குஜராத்தில் இருக்கிறது. சூரத் பக்கத்து வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைக்கும் அம்பர், 5 முதல் 5.2 கோடி ஆண்டுப் பழையது. ஆனைமலைக் காட்டு வெள்ளைக் குங்கிலியத்தின் குடும்பத்து மரங்கள் வடித்த பிசின் அது. பார்வைக்குப் பால்டிக் அளவு பளபளப்பு இல்லை. ஆனால் அது முழுதாக இறுகாததால் கரைப்பானில் கரைகிறது. பூச்சியை முழுசாக வெளியே எடுத்து மயிர்க்கால் வரை பார்க்கலாம். மற்ற அம்பர்களில் இந்த வசதி அரிது.

இந்தியா தனித் தீவாக நெடுங்காலம் மிதந்துவந்த நிலம். அதனால் இங்கே மட்டுமே உள்ள பூச்சிகள்தாம் இருக்கும் என்று ஆய்வாளர்கள் எதிர்பார்த்தார்கள். 2010இல் வெளியான ஆய்வில் இந்தக் குஜராத் அம்பரில் 55க்கு மேற்பட்ட பூச்சிக் குடும்பங்கள் தெரியவந்தன. அவற்றின் உறவுகள் வட ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியப் பகுதியிலும் வெப்பமண்டல அமெரிக்காவிலும் இருந்தன. ஆசியாவோடு மோதும் காலத்திலேயே அத்தீவுக்குப் பூச்சிப் போக்குவரத்து நடந்திருக்கிறது.