கடைக்காரர் முதலில் பார்த்தது என் இசைத்தட்டுகளை: டெக்னிக்ஸ் எஸ்எல்-1200ஜி, நீண்ட நாள் அனுபவம்

டர்ன்டேபிள், அதாவது இசைத்தட்டு சுழற்றும் மெஷின், மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் எந்த மாடல், என்ன விலை என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வீட்டு அலமாரியில் என்ன தட்டு இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள் என்பேன் நான். இதை எனக்குப் புரியவைத்தவர் பெங்களூர் ஜெயநகர் பக்கம் ஆடியோ கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். அல்சூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். எனக்கு அவர் அண்ணா, அவருக்கு நான் தம்பி.

என்னிடம் இருந்தது ரேகா பிளானர் 3, அதில் ஆர்டோஃபோன் 2எம் ப்ளூ கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் சிறு பாகம்). அந்த மெல்லிய சிக்னலைத் தூக்கிவிடும் ஃபோனோ, ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே இருந்தது. இப்போது இருப்பது டெக்னிக்ஸ் எஸ்எல்-1200ஜி, ஆர்டோஃபோன் கேடென்ஸா ப்ளூ, தனியாக ஒரு ரேகா ஏரியா ஃபோனோ. ஆம்பும் ஹார்பெத் பி3 ஸ்பீக்கர்களும் பழையவைதான். அவற்றையும் மாற்றலாமா என்று நான் கேட்டபோது, "எதுக்குத் தம்பி? அதுங்க நல்லாத்தான் பாடுது. காசை ஊசி முனையில போடுங்க" என்று சொல்லிவிட்டார். விற்பவரே வாங்க வேண்டாம் என்று சொன்ன இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

பிளானர் 3-இல் குறை ஒன்றும் இல்லை. ஒரு கச்சேரி எல்பியை எடுத்து வைத்து நிம்மதியாகக் கேட்க அருமையான மெஷின். ஆனால் அதில் நிமிடத்துக்கு 78 சுற்று என்ற வேகம் கிடையாது, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் கிடையாது. என் அலமாரியில் எம்.எஸ்., எம்.எல்.வி., மாலி, லால்குடி என்று கர்நாடக சங்கீத எல்பிக்கள் ஒரு பக்கம். தாத்தா விட்டுப்போன, 78 வேகத்தில் ஓடும் பழைய அரக்குத் தட்டுகள் இன்னொரு பக்கம். நகர மையத்தில் இருந்த ஒரு பெரிய ஷோரூமில் என் தட்டைப் போட்டுக் காட்டக்கூட ஒப்பவில்லை. அவர்களுடைய டெமோ தட்டைத்தான் கேட்கவேண்டுமாம். அண்ணாவோ போனில் முதலில் சொன்னதே, "கையை வீசிக்கிட்டு வராதீங்க, தட்டு எடுத்துட்டு வாங்க" என்பதுதான். ஒவ்வொன்றையும் உறையிலிருந்து எடுத்து, விளக்குக்குச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். அரக்குத் தட்டு வந்ததும் நிறுத்தினார்.

"இதை எதுல போடுறீங்க?"

"போடுறதே இல்லண்ணா."

"அப்புறம் எதுக்குத் தம்பி அப்கிரேடு?"

டெக்னிக்ஸ் என்று முடிவானது அந்தக் கேள்வியில்தான். எஸ்எல்-1200 என்ற பெயர் 1972-இல் வந்தது, 2010-இல் தயாரிப்பு நின்றது, 2016-இல் ஜி மாடலாகத் திரும்பி வந்தது. பெல்ட் கிடையாது, மோட்டாரே தட்டைத் தாங்கும் பிளாட்டரை நேரடியாகச் சுழற்றும். மொத்த எடை 18 கிலோ. 33⅓, 45, 78 மூன்று வேகமும் உண்டு, ஒரு ஸ்லைடரில் 8 சதவீதமோ 16 சதவீதமோ கூட்டவும் குறைக்கவும் முடியும். கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல்லைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம் என்பதால் எல்பிக்கு ஒரு ஊசி, அரக்குத் தட்டுக்கு ஒரு ஊசி என்று தனித்தனியாக வைத்துக்கொள்ள முடிகிறது. அரக்குத் தட்டின் பள்ளம் எல்பியைவிட இரண்டு மூன்று மடங்கு அகலம். எல்பி ஊசியை அதில் விட்டால் அடியில் உள்ள அழுக்கை உரசிக்கொண்டே போகும். அதற்காக 2எம் 78 ஒன்று வாங்கினேன்.

அந்த ஸ்லைடர் டிஜேக்களுக்கானது என்று பலர் நினைக்கிறார்கள். கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்குத்தான் அது பெரிய வரம். வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் மாறினால் சுருதி அரைக் கட்டை மாறும். 4 கட்டையில் பாடியவர் நாலரைக்குப் போய்விடுவார். அந்தக் காலத்துத் தட்டுகள் எல்லாம் அச்சாக 78-இல் பதிவானவை அல்ல, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். என் மனைவி பாட்டு சொல்லித்தருகிறவள். சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு என்னைப் பார்ப்பாள்; நான் ஸ்லைடரை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவேன். தட்டில் இருக்கும் தம்புராவும் பெட்டியின் ஷட்ஜமும் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டிருக்கும் அலை மெதுவாகி, நின்று, இரண்டும் ஒன்றாகிவிடும். அந்த நொடியில் அவள் கூடப் பாட ஆரம்பித்துவிடுவாள். அன்றைய வித்வான்கள் இன்றைய ஹார்மோனியக் கட்டைக்கு அச்சாகச் சேர்ந்துதான் பாடினார்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே இதை ஆராய்ச்சி என்று சொல்லமாட்டேன். கூடப் பாட ஒரு வசதி, அவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டில் இந்த மெஷினுக்குக் கொடுத்த காசுக்கு இது ஒன்றே போதும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் மூலம் பழைய டர்ன்டேபிள் வரவழைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. சாதாரண ஏசி மோட்டார் இருக்கும் பழைய மாடல்கள் கரண்டின் அதிர்வெண்ணை நம்பி ஓடுபவை. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை இங்கே 50-இல் ஓட்டினால், வோல்டேஜுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். 5 கட்டை பாடகி 3 கட்டைக்கு இறங்கிவிடுவார். புல்லியை மாற்றவேண்டும், அல்லது அதிர்வெண்ணை மாற்றித்தரும் பவர் சப்ளை வைக்கவேண்டும்.

இனி கார்ட்ரிட்ஜ். மூவிங் காயில் (காந்தத்துக்குப் பதில் கம்பிச் சுருள் அசையும் வகை) பக்கம் போவது என்று முடிவானதும் அண்ணா இரண்டு கார்ட்ரிட்ஜ்களை ஹெட்ஷெல்லோடு என்னிடம் கொடுத்து, "வீட்ல போட்டுக் கேளுங்க, அவசரம் இல்ல" என்றார். ஒன்று உருண்டை முனை ஊசி. வயலினில் அத்தனை கனிவு, ஆனால் தட்டின் உள்வட்டம் வந்ததும் பாடகியின் ஸகாரம் சீறியது. கேடென்ஸா ப்ளூ கடைசிவரை தெளிவாக இருந்தது. இந்த வித்தியாசம் நம் சங்கீதத்தில் அதிகம் உறுத்தும். எல்பி ஒரே சீராகச் சுற்றினாலும், வெளிவட்டத்தில் ஊசிக்கு அடியில் நொடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் ஓடும் பள்ளம், உள்வட்டத்தில் 21 சென்டிமீட்டர்தான் ஓடும். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கிக் கிடக்கும். கச்சேரித் தட்டில் அந்த இடத்தில் வருவது துக்கடாவும் மங்களமும்.

பொருத்தியது அவரே, எங்கள் வீட்டுக்கு வந்து. பெட்டியில் வந்த அளவுகோலை வைத்து ஊசி முனைக்கும் ஹெட்ஷெல் வாஷருக்கும் இடையில் 52 மில்லிமீட்டர் வைத்தார், கேட்டார், திருப்தியில்லை. பிறகு கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிபார்க்கும் தன் கண்ணாடிப் புரோட்ராக்டரை எடுத்தார். தட்டின் மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 120.9 மில்லிமீட்டரிலும் கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு நேராக நிற்கும்வரை திருகைத் தளர்த்தி, நகர்த்தி, மறுபடி இறுக்கி. கார்ட்ரிட்ஜ் கொஞ்சம் முன்னால் வந்து, துளி உள்பக்கம் திரும்பியது. ஊசி தட்டை அழுத்தும் எடை 2.5 கிராம். அதன்பின் போட்டுக் கேட்டது என் தட்டின் கடைசி மங்களத்தை மட்டும்தான், மறுபடி மறுபடி. இந்த ஒரு மாலை நேர வேலைக்குத்தான் டீலர் வேண்டும். ஆன்லைனில் கொஞ்சம் மலிவாகக் கிடைத்திருக்கலாம். இந்தக் கை கிடைத்திருக்காது.

மூவிங் காயிலுக்கு மாறினால் வீட்டு வயரிங்கின் லட்சணம் தெரிந்துவிடும். 2எம் ப்ளூ தருவது 5.5 மில்லிவோல்ட், கேடென்ஸா ப்ளூ தருவது 0.5. பதினொன்றில் ஒரு பங்கு. அதை ஃபோனோ அவ்வளவு தூக்கும்போது கூடவே எல்லாக் குப்பையும் எழும். எங்களுக்கு மெல்லிய 50 ஹெர்ட்ஸ் உறுமல் இருந்தது, சமையலறையில் மிக்ஸி போட்டால் கர்ர் என்று ஸ்பீக்கரில் கேட்டது. அண்ணா விலை உயர்ந்த பவர் கண்டிஷனர் எதையும் காட்டவில்லை, எலக்ட்ரீஷியனை அழைத்துவந்தார். கட்டடத்தின் எர்த் குழி காய்ந்து கிடந்தது. உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றி, ஆடியோவுக்கு மட்டும் பெட்டியிலிருந்து தனி லைன் இழுத்தார்கள். டர்ன்டேபிளின் எர்த் வயரை ஃபோனோவில் சரியாக முறுக்கினார்கள். உறுமல் போய்விட்டது. வெயில் காலத்தில் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வாட்ச்மேனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

அதிர்வுக்கும் அப்படித்தான். சுவரில் இரும்பு பிராக்கெட் அடித்து, தடித்த கடப்பாக் கல் பலகை வைத்து, கல்லுக்கும் இரும்புக்கும் நடுவே ரப்பர். பிள்ளைகள் ஓடினாலும் ஊசி அசையாது.

இத்தனை நாள் ஓட்டியதில் சங்கடங்களும் உண்டு. மூவிங் காயிலில் ஊசியை மட்டும் கழற்றி மாற்ற முடியாது. தேய்ந்தால் கார்ட்ரிட்ஜையே கொடுத்து மாற்றவேண்டும், அது பெரிய தொகை. அரக்குத் தட்டு போடும் ஒவ்வொரு முறையும் ஹெட்ஷெல் மாற்றி, எடை சரிபார்த்து, கேபிளை ஏரியாவின் எம்எம் (2எம் போன்ற, காந்தம் அசையும் வகைக்கான) இணைப்புக்கு மாற்றிச் சொருக வேண்டும்; சோம்பலான நாளில் 78 பக்கம் போகத் தோன்றுவதில்லை. பழைய தட்டுகளின் கீறல் முன்பைவிடத் தெளிவாகவே கேட்கும். நடுவில் ஒருமுறை இடதுபக்கம் ஒலி விட்டுவிட்டு வந்தது. அண்ணா ஹெட்ஷெல்லின் நான்கு முள்ளையும் கான்டாக்ட் கிளீனரால் துடைத்ததும் சரியாகிவிட்டது. காசு வாங்கவில்லை.

ஊசிக்குக் கணக்கு வைக்கச் சொன்னவரும் அவரே. பொதுவாக 1,000 மணி நேரம் என்பார்கள். பக்கத்துக்கு 20 நிமிடம் என்றால் 3,000 பக்கம். பள்ளிக்கூட நோட்டில் பக்கத்துக்கு ஒரு கோடு போடுகிறேன். அண்மையில் அவர் கடையில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தோம்: ஊசி முனை வைரத்தின் இரு தோளும் ஒரே மாதிரி மழுங்காமல் இருந்தன, அதைத் தாங்கும் ரூபி கம்பியின் அடியில் மட்டும் பஞ்சு போலத் தூசி. புதுசுக்கு நேரம் வரவில்லை என்றார்.

அடுத்த செலவு தட்டு கழுவும் வேக்குவம் மெஷின் என்று இருவரும் முடிவுசெய்திருக்கிறோம். இப்போதைக்கு எல்பிக்களை அவர் கடை மெஷினில்தான் கழுவுகிறேன். அரக்குத் தட்டுகளை மட்டும் வீட்டில், டிஸ்டில்டு வாட்டரும் ஒரு துளி சோப்பும் கொண்டு. ஆல்கஹால் கலந்த திரவம் பட்டால் அரக்கு கரைந்துவிடும்.