கூகுள் எர்த் ப்ரோ: காப்பு நிலத்தைக் காக்கப் போராடுவோருக்கு எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

காப்பு நிலத்தில் கட்டடம் எழுப்ப வருபவர்கள் பெரும்பாலும் மூன்று வாதங்களில் ஒன்றை வைப்பார்கள். 'இங்கே காடும் இல்லை, நீரும் இல்லை, வெறும் தரிசு' என்பது ஒன்று. 'பாதுகாப்பு அறிவிப்பு வருவதற்கு முன்பே எங்கள் கட்டுமானம் இருந்தது' என்பது இன்னொன்று. 'நாங்கள் எல்லைக்கு வெளியேதான் இருக்கிறோம்' என்பது மூன்றாவது. முதல் இரண்டையும் உடைக்க கூகுள் எர்த் ப்ரோவைப் போல எளிதில் கிடைக்கும் கருவி வேறு இல்லை. மூன்றாவதற்கும் அதையே நம்பிப் போனால் உடையப்போவது உங்கள் தரப்பு.

இது செயற்கைக்கோள் படங்களில் நிலத்தைப் பார்க்க, கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஒரு காலத்தில் ஆண்டுக்கு 399 டாலர் சந்தா கட்ட வேண்டியிருந்தது. 2015 ஜனவரியில் இலவசமானது. பழைய படங்களைப் பார்க்கும் வசதி 2024இல் உலாவிப் பதிப்புக்கும் வந்துவிட்டதே, மேசைக் கணினிப் பதிப்பு இன்னும் எதற்கு என்று கேட்கலாம். தேவைதான். ஷேப் ஃபைலை (எல்லைக் கோடுகளைச் சேமித்திருக்கும் வரைபடக் கோப்பு) திறப்பது, ஸ்கேன் செய்த வரைபடத்தை நிலத்தின் மேல் பரப்பிப் பார்ப்பது, தலைப்பும் அளவுகோலும் திசைகாட்டியும் சேர்த்து அச்சுத் தரத்தில் படம் எடுப்பது எல்லாவற்றுக்கும் இதுவே வசதி. தோற்றம் பழசு, மெனுக்கள் சிதறிக் கிடக்கும். பழகிவிடும்.

இதன் உயிர்நாடி, கருவிப்பட்டையில் இருக்கும் கடிகாரப் பொத்தான். அழுத்தினால் காலக்கோடு ஒன்று வரும்; அதை நகர்த்தினால் அதே இடத்தை வெவ்வேறு தேதிகளில் பார்க்கலாம். 'முன்பே இருந்தது' என்ற வாதத்துக்கு இரண்டே படங்கள் போதும்: கட்டடம் இல்லாத கடைசிப் படம், கட்டடம் தெரியும் முதல் படம். அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் வேலை நடந்திருக்கிறது என்பது மட்டுமே நிரூபணமாகும். அதற்கு மேல் ஒரு சொல் கூட்டி எழுதினாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தச் சொல்லைத்தான் பிடிப்பார்.

தேதி விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். காலக்கோட்டில் தெரியும் தேதி, திரையிலுள்ள நிலம் முழுவதற்கும் பொருந்த வேண்டும் என்பதில்லை. அந்த நாளின் படம் திரையின் ஒரு மூலையை மட்டும் மூடியிருக்கலாம். மீதிப் பரப்பை வேறொரு நாளின் படம் நிரப்பியிருக்கும். இரண்டு படங்கள் ஒட்டும் இடத்தில் நிறம் சட்டென மாறுவதைக் கூர்ந்து பார்த்தால் தெரியும். ஆகவே சர்ச்சைக்குரிய இடத்தைத் திரையின் நடுவில் வைத்து, நன்றாக நெருங்கிச் சென்று, கீழ்ப் பட்டையில் வரும் 'இமேஜரி டேட்' என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். காலக்கோட்டிலும் கீழ்ப் பட்டையிலும் தேதி ஒரு நாள் முன்பின்னாக வந்தால் பதற வேண்டாம், அது நேர மண்டலக் குழப்பம். காலக்கோட்டின் ஓரத்தில் உள்ள ஸ்பானர் குறியைத் திறந்து யூடிசி (உலகப் பொது நேரம்) என்று மாற்றிவிட்டு, எல்லாப் படங்களுக்கும் அதையே பின்பற்றுங்கள்.

1980களின் படங்கள் இன்னொரு பொறி. மங்கலாக, ஆண்டுக் கடைசித் தேதியோடு வரும். அவை அந்த நாளில் எடுத்த படங்களே இல்லை. லேண்ட்சாட் செயற்கைக்கோளின் பல படங்களைக் கலந்து ஆண்டுக்கு ஒன்றாகச் செய்தவை. லேண்ட்சாட்டில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டர். பெரிய ஏரி சுருங்கியதையும் காடு பரவலாக அழிந்ததையும் சொல்ல அது போதும். அதில் ஒரு வீட்டையோ வேலியையோ காட்ட முயன்றால் சிரிப்புக்குத்தான் இடமாகும்.

'வெறும் தரிசு' வாதத்தை எதிர்கொள்ளும்போது பருவத்தை மறக்கக் கூடாது. சதுப்பு நிலம் கோடையில் வெடித்துக் கிடக்கும், இலையுதிர் காடு மொட்டையாக நிற்கும். திட்ட அறிக்கையில் ஒரே ஒரு படம் இருந்தால் அது எந்த மாதத்துப் படம் என்பதை முதலில் பாருங்கள். வறண்ட மாதத்துப் படமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதே தந்திரத்தை நம் பக்கமும் செய்துவிடக் கூடாது. முன்பு மழைக்காலம், இப்போது கோடை என்று இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்து 'நீர்நிலை அழிந்தது' என்று எழுதிய மனுவைச் சாய்க்க ஒரு நிமிடம் போதும். அதே மாதம், அல்லது அடுத்தடுத்த மாதங்கள் என்று ஆண்டுதோறும் எடுத்து வரிசைப்படுத்தினால்தான் நிலைக்கும்.

கூகுள் எர்த்தில் இரண்டு நல்ல படங்களுக்கு நடுவே சில ஆண்டு இடைவெளிகூட விழும். ஊர்ப்புறங்களிலும் காடுகளிலும் இது சகஜம். இந்த ஓட்டையை அடைக்க சென்டினல்-2 என்ற ஐரோப்பிய செயற்கைக்கோள்களின் படங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் செயற்கைக்கோள் 2015இல் ஏறியது, இரண்டாவது 2017இல். இரண்டும் சேர்ந்து ஒரே இடத்தை ஐந்து நாளுக்கு ஒருமுறை எடுத்தன. துல்லியம் 10 மீட்டர். கோப்பர்னிகஸ் பிரவுசர் என்ற இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். கட்டடத்தின் வடிவம் தெரியாது. ஆனால் புதர் சீவி மண் வெளுத்தது எந்த வாரம் என்பது, மேகம் மறைக்காதவரை, பளிச்சென்று தெரியும். கூகுள் எர்த் படங்களையும் இவற்றையும் இணைத்தால் ஆண்டுக் கணக்கில் இருந்த சந்தேகம் வாரக் கணக்குக்கு வந்துவிடும்.

இனி எல்லை. இங்கேதான் மதிப்பெண் குறைகிறது.

ஒரே கட்டட மூலையில் குண்டூசிக் குறி வைத்துவிட்டுக் காலக்கோட்டை நகர்த்திப் பாருங்கள். குறி அசையாது, கட்டடம் சில மீட்டர் தள்ளிப் போகும். ஒவ்வொரு படமும் சற்று வேறு கோணத்தில் எடுத்துச் சற்று வேறாகப் பொருத்தப்பட்டது. மலைச்சரிவில் பிசகு இன்னும் கூடும். உயரமான கட்டடமும் மரமும் படத்தில் சாய்ந்து விழுவதால், கூரையை வைத்து அளந்தால் எல்லைக்குள் இருப்பது வெளியேயும் வெளியே இருப்பது உள்ளேயும் போகும். அளந்தே ஆக வேண்டுமென்றால் சுவர் தரையைத் தொடும் இடத்தில் அளக்க வேண்டும். 'ரூலர்' கருவியின் பாலிகனில் (பல பக்க வடிவம்) ஹெக்டேர் கணக்கில் பரப்பு வரும். அழிந்த காடு சுமார் 12 ஹெக்டேர் என்று சொல்ல அது போதும். வேலி மூன்று மீட்டர் உள்ளே வந்திருக்கிறது என்று சொல்ல இது எந்த வகையிலும் போதாது. கைபேசி ஜிபிஎஸ்ஸும் திறந்த வெளியிலேயே ஐந்து மீட்டர் அளவுக்குப் பிசகும். இரண்டு பிசகுகளைக் கூட்டித் துல்லியம் செய்ய முடியாது. அதற்கு நில அளவையர்தான் வர வேண்டும்.

எல்லைக் கோட்டை எங்கிருந்து எடுப்பது? புரொடெக்டட் பிளானட் தளத்தில் உலகக் காப்புப் பகுதிகளின் தரவு கிடைக்கிறது. ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் பிரிவும், ஐயூசிஎன் என்ற சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் சேர்ந்து நடத்துவது. சில பகுதிகளுக்கு எல்லையே இல்லாமல் ஒற்றைப் புள்ளி மட்டும் இருக்கும். பகுதியை அடையாளம் காண மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள், சட்டத்தின் முன் நிற்பது அரசிதழ் அறிவிப்பும் அதன் இணைப்பு வரைபடமும்தான். ஷேப் ஃபைல் யாராவது அனுப்பினால் ஒற்றைக் கோப்பாக வாங்காதீர்கள், கூடவே வரும் பிஆர்ஜே, டிபிஎஃப், எஸ்எச்எக்ஸ் கோப்புகளும் வேண்டும். பிஆர்ஜே இல்லாவிட்டால் எந்த ஆயத்தொலை முறை (இடத்தை எண்களால் குறிக்கும் முறை) என்பதே தெரியாமல் போகும். கேஎம்எல் கோப்பை (கூகுள் எர்த்தில் கோடுகளையும் குறிகளையும் சேமிக்கும் உரைக் கோப்பு) கையால் எழுதுபவர்கள் கவனிக்க: முதலில் தீர்க்கரேகை, பிறகுதான் அட்சரேகை. மாற்றி எழுதினால் உங்கள் காப்புக்காடு கடலில் போய் உட்கார்ந்திருக்கும்.

பழைய காகித வரைபடத்தை 'இமேஜ் ஓவர்லே' மூலம் பரப்பலாம். பச்சைக் கைப்பிடிகளை இழுத்து நீட்டலாம், சுழற்றலாம், ஒளிபுகும் அளவை மாற்றலாம். அவ்வளவுதான் முடியும். ஈரத்தில் சுருங்கிய, மடிப்பில் கோணிய காகிதத்தை நேராக்க இதனால் ஆகாது. ஒரு மூலை பொருந்தினால் இன்னொன்று விலகும். அந்த வேலைக்கு கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் உள்ள ஜியோரெஃபரன்சர் (வரைபடத்தை நிலத்தோடு பொருத்தும் கருவி) வேண்டும். கோயில், பாலம், பழைய சாலைச் சந்திப்பு என்று இடம்பெயராத புள்ளிகள் குறைந்தது ஆறேழாவது குறித்து, பரவலாக வைத்து, பிசகு எவ்வளவு என்று அது காட்டும் எண்ணையும் அறிக்கையில் எழுதுங்கள். பழைய வரைபடங்கள் பல உள்நாட்டு டேட்டத்தில் (ஆயத்தொலைகளை அளக்க வைத்துக்கொள்ளும் புவி அடிப்படை) வரைந்தவை. கூகுள் எர்த் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகளாவிய டேட்டம். இதை மாற்றாமல் பொருத்தினால் கோடு முழுவதும் நூறு மீட்டருக்கு மேலேகூட நகர்ந்து நிற்கும்.

வரைந்த கோட்டின் வழியே நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் 'எலிவேஷன் புரொஃபைல்' வசதியைப் பலர் ஆசையாக எடுத்துக்கொண்டு 'நீர் இந்தப் பக்கம்தான் ஓடும்' என்று வாதிடுகிறார்கள். மலையில் சரி. ஒன்றிரண்டு மீட்டர் ஏற்ற இறக்கமே நீரோட்டத்தைத் தீர்மானிக்கும் சமவெளியில் அந்த வரைபடத்தை மனுவில் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

மனுவுக்குப் படம் எடுக்கும் முன் 'ஆர்' விசையை அழுத்தினால் பார்வை நேர் மேலிருந்து, வடக்கு மேல்நோக்கி நிற்கும். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், நேவிகேஷன் போய், நெருங்கும்போது தானாகச் சாய்வதையும் ஒரேயடியாக நிறுத்திவிடலாம். எல்லாப் படங்களையும் ஒரே உயரத்தில், ஒரே குண்டூசிக் குறியிலிருந்து எடுங்கள். அந்தக் குறியின் பண்புகளில் 'ஸ்னாப்ஷாட் கரன்ட் வியூ' அழுத்தி வைத்தால் அதே பார்வைக்கு எப்போதும் திரும்பலாம். 'சேவ் இமேஜ்' பெட்டியில் மேக்சிமம் ரெசல்யூஷன் தேர்ந்தெடுத்து, தலைப்பில் இடத்தின் ஆயத்தொலைகள், படத்தின் தேதி, நீங்கள் பதிவிறக்கிய தேதி மூன்றையும் எழுதுங்கள். கீழே வரும் உரிமை வரியை வெட்டக் கூடாது. அதை வெட்டினால் பயன்பாட்டு விதியும் மீறப்படுகிறது, படம் யாருடையது என்ற சான்றும் போய்விடுகிறது.

குழுவில் பகிரும்போது பலர் கேஎம்இசட் (கேஎம்எல்லின் சுருக்கிய வடிவம்) மட்டும் அனுப்புகிறார்கள். அதில் நீங்கள் வரைந்த கோடும் குறியும்தான் போகும், செயற்கைக்கோள் படம் போகாது. பெறுபவர் திரையில் வேறு தேதிப் படம் நின்றால் கோடு அர்த்தமற்றதாகத் தெரியும். ஜேபெக் படங்களையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். மென்பொருள் திடீரென்று மூடிக்கொண்டால் அந்த அமர்வில் வரைந்தது தொலையும் வாய்ப்பு உண்டு. 'மை பிளேசஸ்' மேல் வலது சொடுக்கு, 'சேவ் பிளேஸ் ஆஸ்', கோப்புப் பெயரில் தேதி: இதை ஒவ்வொரு முறையும் மூடுவதற்கு முன் செய்து, பிரதியை வேறொருவர் கணினியிலும் வைத்துவிடுங்கள்.