இடுப்பெலும்பா, புட்டியில் வரும் புரதமா? சேராத எலும்பைச் சேர்க்க எது கைகொடுக்கும்?

எலும்பு முறிந்து ஒன்பது மாதம் ஆகிவிட்டது. கடைசி மூன்று மாத எக்ஸ்ரேக்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் துளி மாற்றமும் இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. வகுத்த கணக்குப்படி அது 'சேராத முறிவு'. முழங்காலுக்குக் கீழே உள்ள டிபியா இதற்குப் பேர்போனது. அதன் முன்பக்கத்தில் தசையே கிடையாது, தோலுக்கு அடியில் நேராக எலும்புதான். அடிபட்டால் ரத்த ஓட்டமும் சேர்ந்து போய்விடுகிறது.

இந்த நிலையில் நோயாளியின் முன் ஏழெட்டு வழிகள் வைக்கப்படுகின்றன. எது சிறந்தது என்று கேட்பதற்கு முன்னால் எக்ஸ்ரேயைக் கையில் எடுத்துப் பாருங்கள். முறிவின் இரு முனைகளும் பருத்து, யானையின் பாதம் மாதிரி விரிந்திருக்கின்றனவா? அப்படியானால் அந்த எலும்பு உயிரோடு இருக்கிறது, சேர முயன்றுகொண்டும் இருக்கிறது. அசைவுதான் அதைச் சேரவிடவில்லை. முதிர்ந்த எலும்பு சுமார் 2 சதவீத நீட்சியைத்தான் தாங்கும். 1 மில்லிமீட்டர் இடைவெளியில் அது வெறும் 0.02 மில்லிமீட்டர். இவர்களுக்கு வேண்டியது எலும்பின் உள்ளே செலுத்தும் இன்னும் கெட்டியான கம்பியோ (நெயில்) மேலே திருகும் பிளேட்டோதான். மருந்தும் வேண்டாம், வேறிடத்து எலும்பை எடுத்து வைக்கும் 'எலும்பு ஒட்டு' சிகிச்சையும் பெரும்பாலும் வேண்டாம். மாறாக, முனைகள் பென்சில் சீவியதுபோல் மெலிந்து வெறுமையாக இருந்தால் அங்கே உயிரணுக்களுக்கும் ரத்தத்துக்கும் பஞ்சம். எலும்பு ஒட்டா, புரதமா என்ற போட்டி தொடங்குவது இங்கேதான். சீழ் இருக்கிறதா என்பதை அதற்கும் முன்னால் பார்த்துவிட வேண்டும். கிருமி உள்ள இடத்தில் எதை வைத்தாலும் வீண்.

சொந்த எலும்பு

இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து எடுத்து வைப்பது பழைய வழி. இடுப்பின் பக்கவாட்டில் சில சென்டிமீட்டர் கீறி, எலும்பின் மேலோட்டை உளியால் மூடிபோலத் திறந்து, உள்ளே இருக்கும் பஞ்சு எலும்பைச் சுரண்டி எடுப்பார்கள். ரத்தத்தில் ஊறிய சிவப்புத் துணுக்குகள் ஒரு சிறு கிண்ணத்தில் சேரும். உலர்ந்தால் உயிரணுக்கள் செத்துவிடும் என்பதால் உடனே ஈரத்துணியால் மூடிவைப்பார்கள். சாரமாக நிற்கும் அமைப்பு, வளரத் தூண்டும் புரதங்கள், உயிருள்ள அணுக்கள் மூன்றும் அந்தக் கிண்ணத்திலேயே இருக்கின்றன. உடலும் அதை மறுக்காது.

விலையைக் கொடுப்பது இடுப்பு. "கால் சரியாயிடுச்சு, எடுத்த இடம்தான் இன்னும் வலிக்குது" என்று சொல்பவர்கள் உண்டு. அதைச் சின்ன விஷயமாக ஒதுக்குவது தப்பு. எடுக்கக்கூடிய அளவுக்கும் வரம்பு இருக்கிறது.

புட்டியில் வரும் புரதம்

கனிமம் நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால் அங்கே புதிய எலும்பு முளைக்கிறது என்று அமெரிக்க எலும்பு மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் 1965-ல் காட்டினார். எலும்பே இல்லாத இடத்தில் எலும்பு! அதைச் செய்வது பி.எம்.பி. என்னும் புரதக் குடும்பம் என்று பின்னால் தெரிந்தது. இன்று பி.எம்.பி.-2 பொடியாக வருகிறது. நீரில் கரைத்து, கொலாஜன் பஞ்சில் சீராக ஊற்றி, 15 நிமிடமாவது ஊறவிட்டு வைக்கிறார்கள். இடுப்பில் கத்தி படாது.

கால் முறிவில் இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வு 2001-ல் வந்தது. சேராத 124 டிபியா முறிவுகளுக்கு நெயில் போட்டு, ஒரு பாதிக்கு அதே குடும்பத்தின் பி.எம்.பி.-7, மறு பாதிக்குச் சொந்த எலும்பு வைத்தார்கள். ஒன்பது மாதத்தில் புரதம் வைத்தவர்களில் 81 சதவீதமும் சொந்த எலும்பு வைத்தவர்களில் 85 சதவீதமும் தேறினார்கள். சொந்த எலும்பு கொடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இடுப்பு வலி நீடித்தது. புரதம் முந்தவில்லை, ஈடுகொடுத்தது, ஒரு வலியை மிச்சப்படுத்தியது. நேர்மையான லாபம் என்றுதான் அதைச் சொல்வேன்.

முதுகெலும்பில் கதை இவ்வளவு நேராகப் போகவில்லை. இரு முதுகெலும்புகளை இணைக்கும் ஃபியூஷன் அறுவைக்கு, அதுவும் கீழ்முதுகில் முன்பக்கமாகச் செய்யும் ஒரு வகைக்கு மட்டும், எஃப்.டி.ஏ. 2002-ல் பி.எம்.பி.-2-ஐ அனுமதித்தது. அதன் பயன்பாடு கழுத்துக்கும் பரவியது. 2008-ல் அதே எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது: கழுத்தில் வைத்தபின் வீக்கம் மூச்சுக்குழாயை நெருக்கிய சம்பவங்கள் உட்பட 38 புகார்கள். பெரும்பாலும் 2 முதல் 14 நாளுக்குள், நோயாளி வீடு திரும்பியிருக்கக்கூடிய நேரத்தில். தயாரிப்பு நிறுவன உதவியோடு நடந்த ஆரம்ப ஆய்வுகள் 13, அவற்றில் இந்தப் புரதம் பெற்றவர்கள் 780 பேர். புரதத்தால் ஒருவருக்கும் தீங்கில்லை என்றே அவை எழுதியிருந்தன. உண்மையான பாதிப்பு அந்த ஆய்வுகளிலிருந்து மதிப்பிட்டதைவிட 10 முதல் 50 மடங்கு இருக்கும் என்று 2011-ல் வந்த மறு ஆய்வு கணக்கிட்டது. உடம்பைத் திறந்து கொடுத்தவர்களின் நம்பிக்கையோடு விளையாடிய அந்த எழுத்துகளை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

பிறகு மூலத் தரவுகள் யேல் பல்கலைக்கழகத்தின் ஏற்பாட்டில் இரண்டு தனிக் குழுக்களிடம் கொடுக்கப்பட்டன. 2013-ல் இரண்டு குழுக்களும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள்: நோயாளி உணரும் பலனில் இடுப்பெலும்புக்கும் புரதத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. என் கட்சி இதுதான்: கழுத்தில் இந்தப் புரதம் வேண்டாம். கீழ்முதுகில் ஒரே ஒரு கணுவை, அதாவது அடுத்தடுத்த இரு எலும்புகளை, இணைப்பது என்றால், நரம்பின் நெருக்கத்தை எடுக்க வெட்டிய எலும்புத் துணுக்குகளே பலருக்குப் போதும். இடுப்புக்கும் போகவேண்டாம், புட்டியையும் திறக்கவேண்டாம்.

அந்த ஃபியூஷனே வேண்டுமா என்பது இன்னும் பெரிய கேள்வி. தண்டுவடக் குழாய் குறுகியவர்களில், நெருக்கத்தை மட்டும் எடுப்பதையும் கூடவே எலும்பை இணைப்பதையும் ஒப்பிட்ட சுவீடன் ஆய்வு 2016-ல் வந்தது. 247 பேர். இரண்டு ஆண்டு கழித்து வித்தியாசம் தெரியவில்லை. எலும்பு முன்னே நழுவிய 267 பேரை வைத்து நார்வேயில் செய்த ஆய்வு 2021-ல் வந்தது. குறிப்பிடத்தக்க அளவு தேறியவர்கள் இணைக்காதவர்களில் 71.4 சதவீதம், இணைத்தவர்களில் 72.9. இணைக்காதவர்களில் சற்றுக் கூடுதல் பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது என்பதையும் மறைக்கக் கூடாது. பெரிதாக நழுவி ஆடும் முதுகுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

ஒலி அலைகள்

தினமும் 20 நிமிடம் காலில் வைக்கும் அல்ட்ராசவுண்ட் கருவி ஆசை காட்டுகிறது, கத்தி இல்லையே! ஆனால் நெயில் போட்ட புதிய டிபியா முறிவுகள் 501-ல் போலிக் கருவியோடு ஒப்பிட்ட ஆய்வு, 2016-ல், குணமாகும் வேகத்தில் எந்த மாற்றமும் இல்லை என்று காட்டிவிட்டது. இதை நம்பி மாதங்களைக் கடத்த வேண்டாம். புகைப்பவர் சிகரெட்டை விடுவது இதைவிடப் பலன் தரும்.

எலும்பே பறிபோனால்

நாலைந்து சென்டிமீட்டர் எலும்பை வெட்டி எறியவேண்டி வந்தால் துணுக்குகளை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியாது. அங்கே போட்டி மாஸ்க்லே, இலிசாரோவ் என்ற இரண்டு முறைகளுக்குள். மாஸ்க்லே முறையில் இடைவெளியில் எலும்பு சிமென்ட் வைத்து ஆறு முதல் எட்டு வாரம் விடுவார்கள். அதைச் சுற்றி உடல் ஒரு சவ்வை வளர்க்கும். பிறகு சிமென்டை எடுத்துவிட்டு அந்த உறைக்குள் எலும்புத் துணுக்கை நிரப்புவார்கள். காலுக்கு வெளியே கம்பிக் கூண்டு மாட்ட வேண்டியதில்லை, ஆனால் நிறைய எலும்பு வேண்டும், இரண்டு அறுவை உறுதி.

இலிசாரோவ் முறை சைபீரியாவின் குர்கான் ஊரில் 1950-களில் பிறந்தது. காலைச் சுற்றிக் கம்பிகளால் எலும்போடு பிணைத்த வளையக் கூண்டை மாட்டி, நல்ல எலும்பில் ஒரு வெட்டுப் போட்டு, வளையத்தின் நட்டை ஆறு மணிக்கொரு தரம் கால் மில்லிமீட்டர், நாளுக்கு 1 மில்லிமீட்டர் என்று நகர்த்துவார்கள். திருகுவது பெரும்பாலும் நோயாளியேதான். வெட்டின் பின்னால் புது எலும்பு வளர்ந்துகொண்டே வரும். இடைவெளி 5 சென்டிமீட்டர் என்றால் நகர்த்த 50 நாள், அது கெட்டிப்பட அதைவிட அதிக நாள். கம்பி நுழையும் இடங்களில் சீழ் பிடிப்பது சகஜம். ஆனால் குட்டையும் கோணலும் சேர்ந்திருந்தால் இரண்டையும் ஒரே கூண்டில் திருத்தலாம், காலை ஊன்றி நடக்கவும் முடியும். கால் குட்டையாகிப்போனவருக்கு நான் கூண்டைத்தான் சொல்வேன். நீளம் சரியாக இருந்து, கூண்டோடு பல மாதம் வாழ மனமில்லாதவருக்கு மாஸ்க்லே.

கூண்டிலும் கடைசியில் நகர்ந்து வந்த துண்டு எதிர்முனையைத் தொடும் இடம் பலருக்குத் தானாகச் சேருவதில்லை. அந்த இடத்தைத் திறந்து சுத்தம் செய்து, இடுப்பிலிருந்து ஒரு கிண்ணம் எலும்பு எடுத்து வைக்கிறார்கள்.