ஸ்பீக்கருக்குப் பெயர் வைத்தால் எத்தனை நாள் நிற்கும்? விண்டோஸ், மேக், லினக்ஸ்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அக்கா காலையில் ஆன்லைன் ட்யூஷன் எடுப்பாள். ராத்திரி அதில் நான் வீடியோ எடிட் செய்வேன். ஒரே மாதிரியான இரண்டு யூஎஸ்பி சவுண்ட் கார்டு, ஒரு புளூடூத் ஹெட்செட், எச்டிஎம்ஐ ஒயர் வழியாக ஹால் டிவி என்று எல்லாமே அந்த ஒரு பெட்டியில் தொங்கும். ஒருநாள் அக்கா பட்டியலில் எதையோ தட்டிவிட்டு கிளாஸை ஆரம்பித்துவிட்டாள். ஹாலில் அம்மாவின் குரல்: "யாருடி அது, டிவிக்குள்ள மிஸ் மிஸ்னு கூப்பிடுறது?"

தவறு அக்கா மேல் இல்லை. "ஸ்பீக்கர்ஸ், யூஎஸ்பி ஆடியோ டிவைஸ்" என்று ஒன்று, அதற்கு முன்னால் '2' போட்டு இன்னொன்று, அப்புறம் டிவி தானே சொல்லிக்கொண்ட ஏதோ ஒரு மாடல் எண். இதில் எது எது என்று எப்படித் தெரியும்? சரி, நாமே பெயர் வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பெயர் வைப்பதில் விண்டோஸை மிஞ்ச ஆள் இல்லை. செட்டிங்ஸில் சிஸ்டம், சவுண்ட் என்று போய் கருவியைத் தட்டினால் ரீநேம் என்று இருக்கும். பழைய கன்ட்ரோல் பேனலில் ப்ராப்பர்டீஸைத் திறந்தால் பெயரோடு சின்ன ஐகானையும் மாற்றலாம். ஆனால் நாம் மாற்றுவது முன்பாதி மட்டும்தான். அடைப்புக்குறிக்குள் இருக்கும் ட்ரைவர் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால் வித்தியாசம் காட்டும் சொல் முதலில் வர வேண்டும். 'ஸ்பீக்கர் ஹால் டிவி' என்று வைப்பதைவிட 'டிவி' என்று வைப்பது மேல்.

தமிழிலேயே வைக்கலாமா என்றால், தாராளமாக வைக்கலாம். செட்டிங்ஸில் அழகாகத் தெரியும். சிக்கல் பழைய மென்பொருள்களில்தான். யூனிகோடு அறியாதவற்றில் தமிழ்ப் பெயர் வரிசையாகக் கேள்விக்குறிகளாக நிற்கும். இன்னொரு கணக்கும் உண்டு. எம்எம்இ எனும் பழைய வழியில் ஒலியை எடுக்கும் மென்பொருள்களுக்குப் பெயரில் 31 குறிகள் மட்டுமே கிடைக்கும். ஒலிப்பதிவு மென்பொருளான ஆடாசிட்டியில் எம்எம்இ தேர்ந்தெடுத்திருந்தால் 'ரியல்டெக் ஹை டெஃபினிட்டி' என்று வால் அறுந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இதனால்தான். தமிழில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி. 'ஹெட்செட்' என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, கம்ப்யூட்டருக்கு எட்டு. 'பெரிய ஸ்பீக்கர்' என்று வைத்தாலே 15 போய்விடும்.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து வைத்த பெயர்கள் 2024 கடைசியில் ஃபெஞ்சல் புயலோடு போயின. தென்பெண்ணையில் தண்ணீர் ஏறுகிறது என்றதும் கம்ப்யூட்டரைக் கழற்றி மாடிக்குத் தூக்கினோம். நாலு நாள் கழித்து இறக்கி, அவசரத்தில் ஒயர்களைக் கிடைத்த ஓட்டையில் செருகினேன். நான் வைத்த பெயர் ஒன்றுகூட இல்லை. மறுபடி முன்னால் '2', '3' என்று எண் போட்டுப் புதுக் கருவிகள் மாதிரி வந்து நின்றன. காரணம் எளிது. விலை குறைந்த யூஎஸ்பி சவுண்ட் கார்டுகள் பலவற்றில் சீரியல் எண் கிடையாது. சீரியல் இல்லாத கருவியை விண்டோஸ் எந்த போர்ட்டில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அடையாளம் காணும். போர்ட் மாறினால் அதற்கு அது வேறு கருவி. பழைய ஓட்டையிலேயே திரும்பச் செருகினால் பழைய பெயர் திரும்ப வந்துவிடும். இது எனக்குத் தெரிந்தபோது மூன்றாவது முறையாகப் பெயர் வைத்து முடித்திருந்தேன்.

மேக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் அது கேட்பதே இல்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பனிடம் மேக் இருக்கிறது. "மாப்ள, ரெண்டும் ஒரே பேர்ல வருது, ரைட் கிளிக்கும் ஒண்ணும் பண்ண மாட்டேங்குது" என்றான். யூஎஸ்பி கருவியின் பெயரை அதில் நேரடியாக மாற்ற வழியில்லை. புளூடூத் ஹெட்செட் என்றால் மாற்றலாம். மற்றபடி இருப்பது ஒரு சுற்றுவழி. மேக்கோடு வரும் ஆடியோ மிடி செட்டப் மென்பொருளில் அக்ரிகேட் டிவைஸ் (பல கருவிகளை ஒன்றாகக் காட்டும் கூட்டுக் கருவி) என்று ஒன்றை உருவாக்கி, அதற்குள் அந்த ஒரே ஒரு கருவியைப் போட்டு, வெளிக்கூட்டுக்கு நம் பெயரைச் சூட்ட வேண்டும். வேலை செய்கிறது. ஆனால் கீபோர்டில் இருக்கும் வால்யூம் பட்டன் அதற்குப் படியாது. நண்பன் ரெண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அழித்துவிட்டான். நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

லினக்ஸ் இதற்கு நேர் எதிர். தொடக்கத்தில் அலைக்கழிக்கும், அப்புறம் பிடித்ததை விடாது. லினக்ஸில் ஒலியைக் கவனிக்கும் மென்பொருளாகப் பல்ஸ்ஆடியோ இருந்த காலத்தில் டிஃபால்ட் கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி எழுதுவோம். பெயருக்குள் ஒரு இடைவெளி விட்டால் மேற்கோள்குறிக்குள் மேற்கோள்குறி போட்டு மாரடிக்க வேண்டும். இப்போது அதன் இடத்தில் பெரும்பாலும் பைப்ஒயர் வந்துவிட்டது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஃபெடோரா 2021-லேயே 34-ஆம் பதிப்பில் மாறிவிட்டது. பெயர் வைக்க, பைப்ஒயரை நிர்வகிக்கும் ஒயர்பிளம்பரில் ஒரு சின்ன விதி எழுத வேண்டும்: இந்த நோடு பெயர் (கருவியின் உள்பெயர்) வந்தால், பட்டியலில் தெரியும் விவரிப்பை இப்படி மாற்று. ஃபைலைச் சேமித்து ஒயர்பிளம்பரை மறுபடி தொடங்கினால் போதும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. ஒயர்பிளம்பர் 0.4 பதிப்பு வரை விதிகள் லுவா எனும் நிரல்மொழியில் இருந்தன. 0.5 அவற்றைப் படிக்காது, எழுதும் முறையே வேறு. தேடி எடுக்கும் உதாரணம் எந்தப் பதிப்புக்கானது என்று பார்க்காமல் ஒட்டினால் ஒன்றும் நடக்காது, ஏன் நடக்கவில்லை என்றும் புரியாது.

இத்தனை பாடுபட்டு என்ன லாபம்? சீரியல் இல்லாத ஒற்றைக் கார்டுக்குக்கூட லினக்ஸ் வைக்கும் உள்பெயரில் போர்ட் கலப்பதில்லை. எந்த ஓட்டையில் செருகினாலும் விதி பொருந்தும், பெயர் நிற்கும். ஒரே மாதிரி இரண்டு இருந்தால்தான் வம்பு. அப்போது போர்ட் முகவரியை வைத்து விதி எழுத வேண்டும், அதாவது மறுபடி விண்டோஸின் கதைக்கே வந்து சேர்கிறோம். ஆனால் இங்கே அது நாமாகத் தேர்ந்தெடுத்தது.

பெயரே வைக்காமல் தப்பிக்கவும் வழி உண்டு. விண்டோஸில் தேவையில்லாத கருவிகளை டிசேபிள் செய்தால் பட்டியல் பாதியாகும். அம்மாவின் டிவிக்கு அதைத்தான் முதலில் செய்தேன், படம் காட்டும்போது மட்டும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று. ஆனால் புளூடூத் ஹெட்செட்டுக்கு இது உதவாது. விண்டோஸ் 10-இல் அது ஸ்டீரியோ, ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்று இரண்டாக வரும். இரண்டும் வேண்டும். மைக் வேலை செய்யும்போது பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல இருக்குமே, அது ஹேண்ட்ஸ்ஃப்ரீ. அவற்றுக்கு 'பாட்டு', 'பேச்சு' என்று பெயர் வைத்தேன். அக்கா அதற்கப்புறம் ஒருநாளும் மாற்றித் தட்டவில்லை.

வீட்டில் நாலு பேர் புழங்கும் கம்ப்யூட்டர் என்றால் என் ஓட்டு விண்டோஸுக்கு, ஒயர்கள் இடம் மாறாத வரை. எடிட்டிங்குக்கு மட்டும் தனிப் பெட்டி வைத்து லினக்ஸில் விதி எழுதிக்கொண்டேன். கீழே இருக்கும் கம்ப்யூட்டரின் பின்பக்கம் அக்கா வெள்ளை டேப் வெட்டி, ஒவ்வொரு ஓட்டைக்குப் பக்கத்திலும் பேனாவில் எழுதி ஒட்டியிருக்கிறாள்: 'மைக்', 'ஸ்பீக்கர்', மூன்றாவதில் 'தம்பி தொடாதே'.