எங்கள் பள்ளியில் 16 கேமராக்கள்: ஏழாண்டு அனுபவம்

திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் நான் பணியாற்றும் அரசு உதவிபெறும் பள்ளியில், 2018 ஜூனில் 16 கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தப்பட்டன. இயற்பியல் ஆசிரியர் என்பதால் அவற்றின் பொறுப்பு என்னிடம் வந்தது. இன்றும் என்னிடமே இருக்கிறது. கேமரா வாங்கப்போகும் பள்ளிகளிலிருந்து என்னிடம் விசாரிப்பவர்கள் விலையையும் படத்தின் தெளிவையும் பற்றித்தான் கேட்கிறார்கள். பொருத்திய பிறகு அதை யார் பராமரிப்பது, பதிவை யார் பார்ப்பது என்று ஒருவரும் கேட்பதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

பொருத்தியவர் ஒரு மாதப் பதிவு இருக்கும் என்று சொல்லிச் சென்றார். எங்கள் 1080பி கேமரா ஒன்று, பதிவு வேகத்தை நொடிக்கு 2 மெகாபிட் என்று குறைத்து வைத்தாலும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 21.6 ஜிபி எழுதும். 16 கேமராக்களுக்கு 345 ஜிபி. பதிவுக் கருவியான டிவிஆரில் அவர் வைத்திருந்த 2 டிபி (2,000 ஜிபி) ஹார்ட் டிஸ்க் ஆறாம் நாள் முடியுமுன் நிரம்பி, பழைய பதிவின் மேலேயே எழுதத் தொடங்கியது. ஒரு பெற்றோர் பத்து நாள் கழித்து வந்து, தம் பிள்ளை மாடிப்படியில் விழுந்தது எப்படி என்று கேட்டபோதுதான் எங்களுக்கு இது தெரிந்தது. வாங்கும் நாளிலேயே இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

அந்த ஆண்டு நவம்பரில் வந்த கஜா புயலில் வெளிப்புறக் கேமராக்கள் நான்கு போயின. மற்றபடி அன்றாடத் தொல்லை சிலந்திதான். இரவில் கேமராவைச் சுற்றிப் பூச்சிகள் வரும். பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். அதன் வலையால் ஒரே வாரத்தில் வாசல் கேமராவின் இரவுப் படம் முழுதும் வெண்புகையாகிவிடும். ஒட்டடைக்கோலால் வாரம் ஒருமுறை தட்டிவிடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

சில ஆண்டுகள் கழித்து நடந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி சுற்றுலாவுக்காகக் கொண்டுவந்த 500 ரூபாய், அவர்கள் விளையாட்டுப் பாடவேளையில் வெளியே இருந்த நேரத்தில் பையிலிருந்து காணாமற்போனது. பதிவை ஓட்டிப் பார்த்ததில், அதே வகுப்பு மாணவன் ஒருவன் தனியாக வகுப்பறைக்குள் போய்வருவது தெரிந்தது. திரையின் மூலையில் 11.05 என்று இருந்தது; விளையாட்டுப் பாடவேளை நேரம். அவனை ஒரு மணி நேரம் விசாரித்தோம். "இடைவேளையில தண்ணி பாட்டில் எடுக்கத்தான் சார் போனேன்" என்பதையே அழுதுகொண்டு திரும்பத் திரும்பச் சொன்னான். மறுநாள் நான் மீண்டும் ஓட்டிப் பார்த்தபோது, அவன் வெளியே வந்து சில நிமிடங்களில் அலுவலக உதவியாளர் நடைகூடத்தில் வந்து, தொங்கும் தண்டவாளத் துண்டை அடிக்கக் கையை ஓங்குவது தெரிந்தது. திரை 11.10 என்றது. அந்த மணியோ இடைவேளை முடியும் 10.50 மணி. இணையத்தோடு இணைக்கப்படாத டிவிஆரின் கடிகாரம் அந்த ஆண்டுகளில் சிறிது சிறிதாக ஓடி 20 நிமிடம் முந்திப்போயிருந்தது. பையன் சொன்னது முழு உண்மை. அவனிடமும் அவன் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டோம். வகுப்பின் முன்னிலையிலும் சொன்னோம். ஆனாலும் அந்த ஆண்டு முழுவதும் அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அன்று முதல் திங்கட்கிழமைதோறும் டிவிஆரின் நேரத்தைச் சரிபார்த்து, 16 கேமராவும் பதிகின்றனவா என்று முந்தைய நாளின் பதிவை ஓட்டிப் பார்த்து, பதிவேட்டில் கையொப்பமிடுகிறேன்.

அதே பதிவேட்டில்தான் யார், எதற்காக, எந்த நேரப் பதிவைப் பார்த்தார்கள் என்பதும் எழுதப்படுகிறது. முன்பு தலைமையாசிரியர் அறையில் திரை நாள் முழுதும் ஓடும். வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்ப்பார்கள். இப்போது திரை அணைந்தே இருக்கும். இருவர் சேர்ந்தே திறக்க வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். பள்ளிச் சீருடை போட்டதால் பிள்ளைக்கு அது இல்லாமல் போய்விடாது.

வகுப்பறைக்குள் கேமரா வேண்டாம் என்பதே என் முடிவான கருத்து. பத்தாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளில் ஒரு பருவம் வைத்துப் பார்த்தோம். செய்யுளை ராகத்தோடு பாடி நடத்தும் எங்கள் தமிழம்மா பாடுவதை நிறுத்திவிட்டார், கேட்டதற்கு, "யார் பார்க்கிறாங்கன்னு தெரியாம எப்படி சார் பாடுறது?" என்றார். பிள்ளைகளும் சந்தேகம் கேட்கக் கூசினார்கள். சிபிஎஸ்இ 2025 ஜூலையில் தன் இணைப்பு விதிகளைத் திருத்தி, கழிவறைகள் நீங்கலாக வகுப்பறை, படிக்கட்டு, நடைகூடம், விளையாட்டுத் திடல் எங்கும் ஒலியும் பதியும் கேமரா வேண்டும், குறைந்தது 15 நாள் பதிவு இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. மாநிலப் பாடத்திட்டப் பள்ளியான எங்களுக்கு அது பொருந்தாது. ஆயினும் 15 நாள் என்பது நியாயமான அளவு என்று நினைத்து, எங்கள் 16 கேமராக்களுக்கு ஏறத்தாழ 5.2 டிபி ஆகும் எனக் கணக்கிட்டு, 6 டிபி டிஸ்க் போட்டோம். ஒலிப்பதிவையும் வகுப்பறையையும் சேர்க்கவில்லை.

வகுப்பறைகளில் வைத்துப் பார்த்த அந்த இரண்டு கேமராக்களும் இப்போது மாடிப்படித் திருப்பங்களில் இருக்கின்றன. சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் எந்தக் கேமராவுக்கும் எட்டாத ஒரு மூலை இருக்கிறது. சிறிய பிள்ளைகளைப் பெரியவர்கள் மிரட்டுவதாகப் புகார் வந்ததும் அங்கேதான். 17ஆவது கேமரா வாங்கலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. அதற்குப் பதிலாக, இடைவேளைதோறும் ஓர் ஆசிரியர் அங்கே போய் நிற்பது என்று முறை வைத்துக்கொண்டோம். புதன்கிழமை என் முறை.