இ-எஃப்ஆர்ஆர்ஓ தளம்: வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்கும் பெங்களூரு கம்பெனிகளுக்கு எவ்வளவு உதவுகிறது?

கம்பெனியே அரசிடம் விண்ணப்பித்து ஊழியருக்கு வேலை பாஸ் வாங்கித் தரும் சிங்கப்பூர் முறை இந்தியாவில் கிடையாது. இங்கே எம்ப்ளாய்மென்ட் விசாதான் அனுமதி. விண்ணப்பிப்பவர் ஊழியர் என்றாலும், விசா கிடைப்பதும் நீடிப்பதும் கம்பெனி தரும் காகிதங்களைப் பொறுத்தது. அவர் பெங்களூரு வந்து சேர்ந்த பிறகு பதிவு, விசா நீட்டிப்பு, முகவரி மாற்றம், புது பாஸ்போர்ட் விவரம் எல்லாம் 2018இல் தொடங்கிய இ-எஃப்ஆர்ஆர்ஓ தளத்தில்தான் நடக்கின்றன; வெளிநாட்டவர் பிராந்தியப் பதிவு அலுவலகத்தின் (எஃப்ஆர்ஆர்ஓ) ஆன்லைன் தளம் அது.

வசதியைப் பொறுத்தவரை தாராளமாகப் பாராட்டலாம். சாந்திநகர் பஸ் நிலையக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியிலுள்ள அந்த அலுவலகத்துக்கு ஃபைலோடு ஏற வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. கூப்பிட்டால் மட்டும் போனால் போதும். கட்டணம் ஆன்லைனில் கட்டலாம், சான்றிதழ் மின்னஞ்சலில் வந்துவிடும். ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே சரியாகச் செய்யுங்கள்: அக்கவுன்ட்டை ஊழியரின் சொந்த மின்னஞ்சலில் தொடங்குங்கள். ஏஜென்ட்டின் மின்னஞ்சலில் தொடங்கினால், கூடுதல் ஆவணம் கேட்டு வரும் தகவல் அவரிடமே தங்கிவிடும்; ஏஜென்ட் மாறினால் உள்ளே நுழையவே வழியிருக்காது.

180 நாளுக்கு மேற்பட்ட எம்ப்ளாய்மென்ட் விசாவில் வருபவர், வந்த 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அந்த 14 நாள் கழிந்துபோவது பெரும்பாலும் வீட்டு முகவரிக்கான சான்று கிடைக்காததால்தான். வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர், ஃபார்ம் சி என்று பழகிப்போன அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தர வேண்டும். ஹோட்டல்களுக்கு இது அன்றாட வேலை. கோரமங்களாவிலோ வைட்ஃபீல்டிலோ ஃபிளாட்டை வாடகைக்கு விடும் ஓனருக்கு இப்படி ஒரு கடமை இருப்பதே தெரியாமல் இருக்கலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அவரிடம் பேசி, ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

தளத்தின் பெரிய குறை, அது காகிதத்தை வாங்கிக்கொள்ளுமே தவிர, அதிலுள்ள முரணைச் சுட்டிக்காட்டாது. விசாவில் தாய் கம்பெனியின் பெயர், கடிதத்தில் துணை நிறுவனத்தின் லெட்டர்ஹெட், ஒப்பந்தத்தில் வேறு பதவி என்று இருந்தாலும் அப்லோட் ஆகிவிடும். பிறகு கேள்வி வரும், நாட்கள் ஓடும். சப்மிட் செய்யும் முன் விசா, ஒப்பந்தம், கம்பெனி தரும் வேண்டுகோள் கடிதம், உறுதிமொழிக் கடிதம் நான்கையும் பக்கத்தில் வைத்து, பெயர், பதவி, சம்பளம், தேதி நான்கும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

சம்பளம்தான் அதிகம் இடறும் இடம். பொதுவான குறைந்தபட்ச வரம்பு ஆண்டுக்கு 16.25 லட்சம் ரூபாய். தத்தம் நாட்டுச் சமையலைச் செய்யும் சமையல்காரர்கள், ஆங்கிலம் தவிர்த்த மொழி ஆசிரியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் போன்றவர்களுக்கு இந்த வரம்பு இல்லை. வரம்பை எட்ட வீட்டு வசதியையும் சேர்த்துக் கணக்கிடலாம். ஆனால் வருமான வரிக்குச் சம்பளமாகக் கொள்ளப்படும் சலுகைகள் மட்டுமே சேரும். அவற்றின் மதிப்பையும் ஒப்பந்தத்தில் ரூபாயில் எழுதியிருக்க வேண்டும். ‘இலவச வீடு உண்டு’ என்று மொட்டையாக எழுதினால் கணக்கில் வராது. நீட்டிப்பின்போது, ஃபார்ம் 16 என்று பழகிப்போன, சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்றிதழைக் கேட்பார்கள். ஒப்பந்தத்தில் ஒரு தொகையும் வரிக்கணக்கில் அதைவிடக் குறைந்த தொகையும் இருந்தால், அதற்குப் பதில் சொல்வது கடினம்.

எந்தத் தளமும் சரிசெய்ய முடியாத தவறு ஒன்று உண்டு. டூரிஸ்ட் விசாவிலோ பிசினஸ் விசாவிலோ வரவழைத்து, ‘இங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம்’ என்று நம்புவது. அப்படி மாற்றித் தர மாட்டார்கள். அவர் திரும்பிப் போய்ப் புதிதாக வாங்கி வர வேண்டும். வேறு கம்பெனிக்குத் தாவுவதும் அப்படியே; தாய் கம்பெனிக்கும் துணை நிறுவனத்துக்கும் இடையிலான மாற்றம் போன்ற சில விலக்குகளுக்கும் முன் அனுமதி தேவை. ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான அட்டை) உள்ளவர்களுக்கும் நேபாள, பூட்டான் குடிமக்களுக்கும் எம்ப்ளாய்மென்ட் விசாவே தேவையில்லை.

பிஎஃப் பற்றித் தளத்தில் ஒரு வார்த்தை இல்லை, அது வேறு துறை. 2008 அக்டோபர் முதல் வெளிநாட்டு ஊழியருக்குச் சம்பள உச்சவரம்பு இல்லாமல் முழுச் சம்பளத்துக்கும் பிடிக்க வேண்டும் என்பது விதி. இரண்டு நாட்டிலும் இப்படிப் பிடிக்காமலிருக்க இந்தியாவோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் உள்ள நாட்டிலிருந்து அதற்கான சான்றிதழோடு வந்தவருக்கு விலக்கு உண்டு. கர்நாடக உயர்நீதிமன்றம் 2024 ஏப்ரலில் இந்த விதியைச் செல்லாது என்றது. தில்லி உயர்நீதிமன்றம் 2025இல் செல்லும் என்றது. வக்கீலைக் கேட்காமல் பிடித்தத்தை நிறுத்தாதீர்கள்.

ஊழியர் பாதியில் விலகினால் அன்றே எஃப்ஆர்ஆர்ஓவுக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புகையை ஃபைலில் வையுங்கள். உறுதிமொழிக் கடிதத்தில் அவருடைய நடத்தைக்கும், தேவைப்பட்டால் திருப்பி அனுப்புவதற்கும் பொறுப்பேற்று கையெழுத்திட்டிருப்பது கம்பெனிதான்.