பழைய டீசல் பிக்கப்பும் விடியற்காலைக் குளிரும்: ஹீட்டரா, ஏரா, பம்பா?

நீலகிரியில் கேத்தி பாலாடாவில் கழுவி மூட்டை பிடித்த கேரட், விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் புல்வெளி எல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் அந்த நேரத்தில்தான் பழைய பிக்கப் மக்கர் பண்ணும். செல்ஃப் சுற்றுகிறது, இஞ்சின் பிடிக்கவில்லை. சுற்றி நிற்பவர்களிடமிருந்து மூன்று யோசனைகள் வரும். ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யும் முன் இஞ்சினைச் சூடாக்கும் பிளக்) போயிருக்கும் என்பார் ஒருவர். ஏர் எடுக்கிறது, அதாவது டீசல் லைனில் காற்று புகுகிறது என்பார் இன்னொருவர். "பம்ப் வீக் ஆயிடுச்சுண்ணே, எறக்கிப் பாத்துரலாம்" என்பார் மெக்கானிக்; டீசலை அழுத்தி நாசில்களுக்கு (இஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் முனைகளுக்கு) அனுப்பும் பம்பைச் சொல்கிறார்.

இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு ஒன்றல்ல. ரப்பர் ஹோஸும் காப்பர் வாஷரும் மிகச் சொற்பம். நாலு ஹீட்டர் பிளக் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். பம்பை இறக்கினால் கோவைக்குக் கொண்டுபோய், கழுவி, பார்ட்ஸ் மாற்றி, கேலிபரேஷன் (டீசல் அளவைச் சரிபார்த்து அமைப்பது) செய்து திரும்ப ஏற்றும்வரை வண்டி நிற்கும், வாடகையும் போகும். குளிரில் மட்டும் தகராறு செய்கிற வண்டியில் பம்பை முதலில் கழற்றுவது தவறான வரிசை. அது ஏன் என்று சொல்லத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் புகையைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது சைலன்சர் முனையில் ஒரு ஆளை நிறுத்துங்கள். கண் எரிய, பச்சை டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வந்தால், டீசல் சிலிண்டருக்குள் போய் எரியாமல் வெளியே வருகிறது. டீசல் இருக்கிறது, சூடு போதவில்லை. பத்து வினாடி அடித்தும் புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. ஹீட்டர் பக்கம் போவதா, டீசல் லைன் பக்கம் போவதா என்பதை இந்த ஒரு பார்வை முக்கால்வாசி முடிவு செய்துவிடும்.

சூடு போதாத வண்டி

எல்லா டீசல் இஞ்சினுக்கும் ஹீட்டர் ஒரே அளவு முக்கியமில்லை. மஹிந்திராவின் பழைய பியூஜியோ வழி இஞ்சின்களை எடுத்துக்கொள்ளுங்கள்: 2,112 சிசி எக்ஸ்டிபி, பிறகு வந்த 2,498 சிசி எக்ஸ்டி3பி. இவற்றில் டீசல் நேராக பிஸ்டன் மேல் தெளிக்கப்படுவதில்லை. ஹெட்டில் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகத்தில்) இருக்கும் சின்ன அறைக்குள் தெளிக்கப்படுகிறது. அமுக்கப்பட்ட காற்று குறுகிய வாய் வழியாக அந்த அறைக்குள் நுழையும்போது சுவரெல்லாம் சூட்டைத் தின்றுவிடும். அதனால்தான் கம்ப்ரஷன் விகிதம் (காற்று எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) 20-க்கு மேல் இருந்தும் ஹீட்டர் இல்லாமல் குளிரில் பிடிக்காது. டீசலை நேராக பிஸ்டன் மேல் தெளிக்கும் டிஐ இஞ்சினில் இந்த இழப்பு குறைவு. சமவெளியில் ஹீட்டர் செத்துப்போன டிஐ வண்டி மாதக்கணக்கில் ஓடும், ஓட்டுநருக்கே தெரியாது. ஊட்டிக்கு லோடு எடுத்து வந்து ஒரு ராத்திரி தங்கினால்தான் தெரியும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். குளிரோடு மெலிந்த காற்றும் சேர்ந்தால் டீசல் பற்றிக்கொள்ளக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

நாலு பிளக்கும் ஒரே ராத்திரியில் சாவதில்லை. ஒன்றோ இரண்டோ போனால் மிச்சத்தை வைத்து இஞ்சின் பிடித்துக்கொள்ளும்; ஒரு நிமிடம் ஆட்டம் போட்டு, வெள்ளைப் புகை கக்கி, பிறகு சீராகும். நேற்றுவரை நன்றாக இருந்தது இன்று அடியோடு பிடிக்கவில்லையென்றால் பிளக் வாங்க ஓடாதீர்கள். ரிலே, ஃபியூஸ், வயர் முனை என்று போங்கள். சாவியை ஹீட்டர் நிலையில் வைத்து, பிளக்குகளை இணைக்கும் தகட்டில் டெஸ்ட் லேம்ப் வைத்தால் எரிய வேண்டும். எரியவில்லையென்றால் கரண்டே வரவில்லை. கரண்ட் வந்தால், தகட்டைக் கழற்றிவிட்டு லேம்பின் கிளிப்பை பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, ஒவ்வொரு பிளக் தலையிலும் முனையைத் தொடுங்கள். எரியாத பிளக் செத்தது உறுதி. எரிந்தால் உயிர் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். சரியாகச் சூடாகிறதா என்பதை வயரைச் சுற்றி மாட்டிக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர்தான் சொல்லும். நல்ல பிளக் ஒன்றுக்கு 10 ஆம்பியர் அளவில் இழுக்கும்.

ஒன்றை மாற்றுவதா, நாலையும் மாற்றுவதா? நாலையும் மாற்றுங்கள். ஒரே வயதுள்ள பிளக்குகள் அடுத்தடுத்துதான் போகும். பழைய பிளக்கில் பொறித்திருக்கும் வோல்ட் எண்ணும் புதியதின் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். கழற்றும்போது இஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கட்டும். கரி பிடித்து இறுகிய பிளக் குளிர்ந்த ஹெட்டில் முறிந்தால், சின்ன வேலை ஹெட் இறக்கும் வேலையாகிவிடும்.

ஹீட்டர் எரியும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளும் டைமர் போன வண்டிகளில் டேஷ்போர்டில் புஷ் பட்டன் வைத்துக் கொடுப்பது வழக்கம். டைமர் யூனிட் நல்லது. அது கிடைக்காத பழைய மாடலுக்குப் பட்டனும் மோசமில்லை. ஆனால் பட்டன் ரிலேயைத்தான் இயக்க வேண்டும். நாலு பிளக்கின் கரண்டும் மெல்லிய வயர் வழியாகப் பட்டனுக்குள் போய் வந்தால் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. பழைய வகை பிளக்குக்கு இருபது வினாடி போதும். இன்னும் கொஞ்சம் என்று அமுக்கிப் பிடித்தால் முனை எரிந்துபோகும்.

சூடு போதாததற்குப் பேட்டரியும் ஒரு காரணம். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் காற்றை அமுக்கும் வேகம் குறைந்து, சூடு சுவருக்குள் வடிந்துவிடும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மற்றதெல்லாம் பிறகு. சேசிஸ் எர்த் கேபிளைச் சுரண்டி இறுக்குங்கள். மலையில் ஓடும் வண்டிக்கு 20டபிள்யூ-50 ஆயிலைவிட 15டபிள்யூ-40 நல்லது. காலையில் செல்ஃபுக்குப் பாரம் குறையும்.

ஏர் எடுக்கும் வண்டி

பழைய பிக்கப்பில் மிக அதிகமாக ஏமாற்றுவது இதுதான். அடையாளம் தெளிவானது. காலையில் முதல் அடியிலேயே பிடிக்கும், இரண்டு மூன்று வினாடி ஓடும், செத்துவிடும். அதன்பிறகு எவ்வளவு அடித்தாலும் பிடிக்காது, புகையும் வராது. ஃபில்டர் தலையில் இருக்கும் கை பம்பை அடித்து டீசலை ஏற்றினால் ஓடத் தொடங்கும். பிறகு நாள் முழுக்கத் தகராறே இல்லை. பம்புக்குள் தேங்கியிருந்த கொஞ்சம் டீசலில் அந்த இரண்டு வினாடி ஓடியது. லைனில் இருந்த மிச்ச டீசல் ராத்திரி மெல்ல டேங்குக்குத் திரும்பிவிட்டது. எங்கோ ஒரு மயிரிழை வழியாகக் காற்று உள்ளே வந்தால்தான் அது இறங்க முடியும்.

இதைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிப்பதற்குக் காரணம், ஈரத்தைத் தேடுவது. டேங்கிலிருந்து பம்ப்வரை உள்ள லைன் உறிஞ்சும் பக்கம். டீசல் வெளியே சொட்டாத ஓட்டையிலும் காற்று உள்ளே நுழையும். லைன் முழுக்கத் தடவிப் பார்த்து, காய்ந்திருக்கிறது, லீக் இல்லை என்று தீர்ப்புச் சொல்லி, பழியைப் பம்பின் மேல் போட்டுவிடுகிறார்கள்.

மலையில் இருப்பவர்களுக்குக் காசில்லாத ஒரு சோதனை உண்டு. இன்று ராத்திரி வண்டியை முகம் இறக்கத்தில் இருக்கும்படி நிறுத்துங்கள். பின்னால் இருக்கும் டேங்க், பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். நாளை ராத்திரி முகத்தை மேட்டில் வையுங்கள். முதல் காலை சட்டென்று பிடித்து, இரண்டாம் காலை இழுத்தடித்தால் ஏர் எடுப்பது உறுதி. ஹீட்டர் பிளக்குக்கு மேடு பள்ளம் தெரியாது. டேங்கில் டீசல் குறைந்திருக்கும் நாட்களில் தொல்லை அதிகமாவதும் இதற்கு இன்னொரு சாட்சி.

உறுதியானபின் எங்கே தேடுவது? ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு சாண் தெளிந்த பிளாஸ்டிக் ஹோஸ் போட்டு, ஓடும்போது குமிழி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஓட்டை அதற்குப் பின்னால், டேங்க் பக்கம். ஃபில்டர் அடியில் தண்ணீர் வடிக்கும் ஸ்குரூவின் ஓ-ரிங், ஃபில்டர் தலையில் இருக்கும் கை பம்பின் உள் ரப்பர், பலமுறை கழற்றி மாட்டிய பேன்ஜோ போல்ட்டின் (குழாயை இணைக்கும் துளையுள்ள போல்ட்டின்) காப்பர் வாஷர், சேசிஸ் கிளாம்புக்கு அடியில் துருப்பிடித்த இரும்புக் குழாய் என்ற வரிசையில் தேடுவேன். நாசில்களை இணைக்கும் மெல்லிய ரிட்டர்ன் ஹோஸைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது வெடித்திருந்தாலும் ராத்திரி காற்று புகும். நாசில் ஒவ்வொன்றையும் தொடும் துண்டுகளையும் கடைசி மூடியையும் மொத்தமாக மாற்றிவிடுங்கள்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-6 டீசல் வந்துவிட்டது. கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்கு. கந்தகத்தை இந்த அளவுக்கு எடுக்கும் சுத்திகரிப்பில், பழைய ரப்பர் சீல்களை ஊற வைத்துக்கொண்டிருந்த சில பொருட்களும் குறையும். வருடக்கணக்கில் பழைய டீசலில் ஊறிய நைட்ரைல் ரப்பர் சீல் சுருங்க இது ஒரு காரணம். புதிதாகப் போடுவது விட்டான் ரப்பராக இருக்கட்டும்.

ஓட்டையைத் தேடாமல் சமாளிக்க மூன்று வழிகள் உண்டு. ரிட்டர்ன் ஆகாத வால்வை லைனில் போடலாம். கையால் அமுக்கும் ரப்பர் பல்ப் போடலாம். டேங்க் அருகே சின்ன எலெக்ட்ரிக் ஃபீட் பம்ப் வைக்கலாம். வால்வு வேண்டாம் என்பேன். நோயை மறைக்கும், கூடவே அடைப்புக்கு ஒரு புது இடமும் ஆகும். ரப்பர் பல்ப் அவசரத்துக்கு நல்லது, காலையில் நாலு அமுக்கு அமுக்கினால் வேலை முடியும். எலெக்ட்ரிக் பம்ப் இன்னொரு வகையில் உதவுகிறது: லைன் முழுக்க அழுத்தத்துக்கு வருவதால், இதுவரை காற்றை உறிஞ்சிய ஓட்டை இப்போது டீசலைச் சொட்டும், கண்ணில் படும். ஆனால் அதை ஃபில்டருக்குப் பக்கத்தில் மாட்டினால் எந்தப் பயனும் இல்லை; பின்னால் இருக்கும் ஓட்டையை இன்னும் பலமாக உறிஞ்சத்தான் செய்யும்.

உறைபனிக் காலையில் நன்றாகப் பிடித்து, கொஞ்ச தூரம் ஓடியபின் இழுவை குறைந்து நிற்கும் வண்டி வேறு வகை. டீசலில் உள்ள மெழுகு ஃபில்டரை அடைக்கிறது. டீசலுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 1460-ல் ஃபில்டர் அடைக்கும் வெப்பநிலை குளிர்காலத்துக்கு அதிகபட்சம் 6 டிகிரி, கோடைக்கு 18 டிகிரி. லடாக்குக்காக 2019-ல் இந்தியன் ஆயில் கொண்டுவந்த குளிர்கால டீசல் மைனஸ் 33 டிகிரிவரை உறையாது. நீலகிரிக்கு அதெல்லாம் தேவையில்லை. புது ஃபில்டரும், தண்ணீர் வடித்த செபரேட்டரும் போதும். மண்ணெண்ணெய் கலக்காதீர்கள். ரோட்டரி பம்புக்கு (சுழன்று எல்லா நாசிலுக்கும் டீசலைப் பிரித்தனுப்பும் வகைக்கு) டீசல்தான் ஆயில். மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு இல்லை.

ஈதர் ஸ்பிரேயும் வேண்டாம். ஹீட்டர் சிவந்திருக்கும்போது அடித்தால் பிஸ்டன் மேலே ஏறும் முன்பே வெடித்து ரிங்கை உடைக்கும். இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்வதும் ஆபத்துதான். இஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கு வேக்கூம் கிடைக்காது, மிதித்தால் கல்லாக இருக்கும்.

பம்பும் நாசிலும்

ரோட்டரி பம்பின் ஹெட் (டீசலை அழுத்தும் உள்பாகம்) தேய்ந்தால் அது தன்னைக் காட்டிக்கொள்வது குளிரில் அல்ல, சூட்டில். சூடான டீசல் மெலிந்து, தேய்ந்த இடைவெளி வழியாகக் கசிந்துவிடும், அழுத்தம் ஏறாது. காலையில் நன்றாகப் பிடிக்கும் வண்டி, மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிட்டு டீ குடித்து வந்தபின் பிடிக்காது. பம்பின் மேல் ஈரத்துணி போட்டு ஆறவிட்டால் பிடிக்கும். இந்த அடையாளம் இருந்தால் மெக்கானிக் சொல்வது சரி, இறக்குங்கள். இல்லையென்றால், இறக்கும் முன் கேன் சோதனை செய்யச் சொல்லுங்கள். சுத்தமான டீசல் கேனை பம்பைவிட உயரத்தில் கட்டி, ஃபில்டர் வழியாக இல்லாமல் நேராகப் பம்புக்கும், ரிட்டர்னைத் திரும்பக் கேனுக்கும் விட்டு, அப்படியே ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் பிடித்தால் பம்ப் நிரபராதி.

பம்பா நாசிலா என்று வந்தால் நாசிலை முதலில் சோதியுங்கள். அறை வகை இஞ்சினில் நாசில் 120 பார் அளவிலும், டிஐயில் 200 பாரை ஒட்டியும் திறக்க வேண்டும். டெஸ்டரில் வைத்துப் பார்த்தால் புகைபோலத் தெளிக்கிறதா, சொட்டுகிறதா என்று கண்ணாலேயே தெரியும். சொட்டும் நாசில் காலையில் வெள்ளைப் புகையும் டக்டக் சத்தமும் தரும், அதைப் பார்த்து ஹீட்டர்தான் என்று நினைத்துவிடுவோம்.

ஹீட்டர், ஏர், நாசில் எல்லாம் சரியாக இருந்தும் குளிரில் பிடிக்கவில்லையென்றால் கம்ப்ரஷன் பாருங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. புத்தகத்தில் இருக்கும் எண் கடல்மட்டத்துக்கானது. சமவெளியில் 28 பார் காட்டும் நல்ல இஞ்சின் ஊட்டியில் 22 பாரை ஒட்டித்தான் காட்டும். அதைப் பார்த்து இஞ்சின் போய்விட்டது என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசப்படுகின்றன என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் வெகுவாகக் கீழே இருந்து, ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென வந்தால், பம்புக்கு ஒதுக்கிய பணத்தை ரிங், லைனர் வேலைக்கு மாற்றிவிடுங்கள்.